பட்ட கிளையும் பக்கத்துத் தோட்டமும்

பட்ட மரம் எவருக்கும் தீங்கு செய்வதில்லை என்பது நம்மிடையே பொதுவாக நிலவும் எண்ணம். பச்சை மரத்துக்கு நீர் பாய்ச்சுகிறோம், எரு இடுகிறோம், பூச்சி விழுந்தால் மருந்து தெளிக்கிறோம். பட்டுப்போன கிளையை மட்டும், தானே காய்ந்து விழட்டும் என்று விட்டுவிடுகிறோம். சிலர் அதனை வெட்டி, விறகுக்கு ஆகும் என்று வேலி ஓரத்தில் அடுக்கி வைப்பதும் உண்டு. இச்சிறு அசட்டையினால் ஒரு தேசத்தின் பழத்தோட்டங்கள் எத்தகைய இழப்புக்கு உள்ளாயின என்பதையும், அதனைத் தடுக்கச் சட்டமே செய்ய நேர்ந்தது என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நிகழ்ச்சி நடந்த நாடு இங்கிலாந்து. பயிர், பிளம் என்னும் பழமரம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளைந்து கோடையில் நம் சந்தைகளுக்கு வரும் பிளம்ஸ் பழத்தை நம்மில் பலர் அறிவர். இங்கிலாந்தில் விளைவது அதற்கு நெருங்கிய உறவுடைய மற்றோர் இனம். அம்மரத்துக்குப் பகையாக வந்தது பட்ட மரத்தில் படரும் ஒரு காளான்.

ஊதா நிறப் படலம்

காளான் என்றதும் குடை விரித்தாற்போல் மண்ணில் முளைப்பதே நம் நினைவுக்கு வரும். இது அவ்வகையைச் சேர்ந்ததன்று. இலையுதிர் மரங்களின் பட்ட கிளைகளிலும், வெட்டிய அடிக்கட்டைகளிலும், அடுக்கிய விறகிலும், பட்டையின்மேல் ஒட்டினாற்போல் மெல்லிய படலமாகத் தோன்றும். சில நாட்களில் படலத்தின் மேல்விளிம்பு சற்றே வெளிப்புறம் மடிந்து, இரண்டு மூன்று விரற்கடை அகலமுள்ள சிறு தட்டுகளாக, ஓட்டுக்கூரையின் ஓடுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அமையும். தட்டின் மேற்புறம் சாம்பல் நிறம். மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும். கீழ்ப்புறம் வழவழப்பானது. புதிதாக இருக்கும்போது அழகிய ஊதா நிறம் கொண்டிருந்து, நாட்பட நாட்படப் பழுப்பாக மங்கிவிடும்.

இதற்குப் பெர்சூன் என்ற தாவர நூலறிஞர் 1794-ஆம் ஆண்டில் ஸ்டீரியம் பர்ப்பூரியம் என்று பெயரிட்டார். 1959-இல் செக் நாட்டு அறிஞரான பௌசார் இதனைத் தனிப் பேரினத்தில் அமைத்து, கோண்ட்ரோஸ்டீரியம் பர்ப்பூரியம் என்றார். அப்பெயரே இன்று வழங்குகிறது. பிளம், செர்ரி, பீச், ஆப்பிள் ஆகிய பழமரங்களிலும், பாப்ளார், வில்லோ, பிர்ச், பீச்சு முதலிய காட்டு மரங்களிலும் இதனைக் காணலாம்.

காட்டில் இதன் தொழில் குற்றமற்றது. புதிதாகப் பட்ட கட்டையில் முதலில் குடியேறி, மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருளைச் சிதைத்து, கட்டையை மக்கச் செய்கிறது. சில ஆண்டுகளில் வேறு காளான்கள் வந்து இதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இவ்வாறு மக்கவைப்பார் இல்லையெனில் காடு முழுதும் பட்ட மரங்கள் குவிந்து கிடக்கும். மண்ணுக்குத் திரும்ப வேண்டிய சத்தும் திரும்பாது. ஆயினும் இக்காளான் பட்ட கட்டையோடு நின்றுவிடுவதில்லை. உயிர் மரத்தில் ஒரு காயம் கிடைத்தால் அதன் வழியே உள்ளே புகுந்துவிடுகிறது. இன்னல் அங்கேதான் தொடங்குகிறது.

வெள்ளி பூத்த இலை

நோய்ப்பட்ட பிளம் மரத்தில், பச்சையாக இருக்க வேண்டிய இலைகள் ஒரு கிளையில் மட்டும் வெள்ளி பூசினாற்போல் மின்னும். இதனால் ஆங்கில நாட்டார் இதனை வெள்ளி இலை நோய் என்றனர். பிரெஞ்சுக்காரருக்கு அந்நிறம் ஈயத்தை நினைவூட்டியது போலும்; அவர்கள் ஈயம் என்று பொருள்படும் சொல்லாலேயே இந்நோயைக் குறித்தனர். முதலாண்டு ஒரு கிளை, பிறகு பக்கத்துக் கிளை என்று பரவும். வெள்ளி பூத்த கிளை ஓராண்டிலோ சில ஆண்டுகளிலோ பட்டுப்போகும். நோய் அடிமரத்தை எட்டினால் மரமே மடியும்.

வெள்ளி நிறம் எங்ஙனம் வருகிறது? இலையில் வெள்ளியும் இல்லை, வெண்பொடியும் இல்லை. இலையின் மேல்தோலும் அதன் கீழுள்ள பச்சை அடுக்கும் பெக்டின் என்னும் பசைப்பொருளால் ஒட்டப்பட்டிருக்கின்றன. பழப்பாகைக் கெட்டிப்படுத்துவதும் இதே பொருள்தான். பாவுக்குக் கஞ்சி போட்டு நூலின் இழைகளை ஒட்டவைக்கும் நெசவாள அன்பர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கஞ்சி கரைந்தால் இழைகள் பிரியும். அவ்வாறே, காளான் உண்டாக்கும் ஒரு நொதிப்பொருள் பெக்டினைக் கரைத்துவிட, மேல்தோல் பச்சை அடுக்கினின்று பிரிகிறது. இடையே காற்று புகுகிறது. அக்காற்றிடைவெளி ஒளியைத் திருப்பி வீசுவதால் இலை வெள்ளியாகத் தோன்றுகிறது.

இதில் வியப்பு யாதெனில், வெள்ளி பூத்த இலையில் காளான் இல்லை. அது கிளையின் கட்டைக்குள் மறைந்து கிடக்கிறது. அதன் நச்சே நீரோட்டத்தின் வழியாக இலைக்கு ஏறுகிறது. ஆகவே இலையைக் கிள்ளிப் போடுவதால் நோய் தீராது. வெள்ளி பூத்த இலையிலிருந்து நோய் பிற மரத்துக்குத் தொற்றுவதும் இல்லை. தொற்று வெளிப்படும் காலம் வேறு. கிளை பட்டபின் அதன் பட்டைமேல் ஊதாப் படலம் வெளிவரும்போதுதான் வித்துத்துகள்கள் உண்டாகின்றன. உயிரோடு நோயில் வாடும் கிளையைவிட, பட்டுப்போய் எவரும் கவனியாமல் நிற்கும் கிளையே அண்டை மரத்துக்கு ஆபத்து என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ள வேண்டும்.

காரணம் கண்டறிந்த வரலாறு

இலைக்கும் கட்டைக்கும் உள்ள இத்தொடர்பு நெடுநாள் விளங்காமல் இருந்தது. இலை வெளுப்பதைப் பார்த்தவர்கள் இலையையே ஆராய்ந்தனர். அங்கே பூசணமும் இல்லை, பூச்சியும் இல்லை. 1902-ஆம் ஆண்டில் ஜான் பெர்சிவல் என்ற ஆங்கிலேய வேளாண்மை அறிஞர், ஊதாக் காளானின் துண்டுகளை நல்ல பிளம் மரங்களில் பதித்துப் பார்த்தார். அம்மரங்களின் இலைகள் வெள்ளியாயின. பட்ட மரத்தில் வளரும் எளிய காளான் என்று கருதப்பட்டதே பச்சை மரத்தின் நோய்க்குக் காரணம் என்று இதனால் தெரிந்தது.

அதன்பின் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த எப். டி. புரூக்ஸ் 1911 முதற்கொண்டு பல ஆண்டுகள் இந்நோயை ஆராய்ந்தார். காயத்தின் வழியாகவே தொற்று நேர்கிறது என்பதும், ஆண்டின் எப்பருவத்தில் மரத்தை வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து ஆபத்து மிகுகிறது அல்லது குறைகிறது என்பதும் இவ்வாராய்ச்சிகளால் புலனாயின. இலையின் பசையைக் கரைக்கும் நொதிப்பொருளை 1977-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர் ஆப்பிள் மரத்து நோயை வைத்துப் பிரித்தெடுத்தனர்.

தொற்றும் வகை

படலத்தின் வழவழப்பான கீழ்ப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத வித்துத்துகள்கள் எண்ணிறந்தன உண்டாகின்றன. ஈரமுள்ள நாட்களில் இவை உதிர்ந்து காற்றில் பறக்கும். வெயிலில் படலம் சுருங்கிக் காய்ந்து, செத்துவிட்டதுபோல் தோன்றும். ஆனால் மறுபடி மழை பெய்தால் நீரை உறிஞ்சி உயிர்பெற்று மீண்டும் துகள் வீசும். காய்ந்த படலத்தைக் கண்டு, இனி அச்சமில்லை என்று இருத்தல் தவறு.

காற்றில் வந்த துகள் முழுப் பட்டையின்மேல் விழுந்தால் ஒன்றும் செய்ய இயலாது. கவாத்து செய்த புதிய வெட்டுவாயிலோ, பழச்சுமை தாங்காமல் முறிந்த கிளையிலோ, புயலில் பிளந்த கவட்டிலோ விழுந்தால், ஈரத்தோடு ஈரமாக மரத்தின் நீர்க்குழல்களுக்குள் இழுக்கப்பட்டு அங்கே முளைக்கிறது. காயம் புதிதாயிருக்கையில் ஆபத்து அதிகம். நாள் செல்லச் செல்லக் குறையும். கோடையில் மரம் சுறுசுறுப்பாக வளரும்போது, வெட்டுவாயைப் பிசினாலும் புதுத் திசுவாலும் விரைந்து அடைத்துக்கொள்கிறது. குளிர்காலத்தில் மரம் உறங்கும். வெட்டுவாய் வாரக்கணக்கில் திறந்தே கிடக்கும். காளான் துகள் வீசுவதோ பெரும்பாலும் இலையுதிர் காலத்தின் ஈரமான நாட்களிலிருந்து வசந்தம் வரை. ஓய்வுக் காலமாகிய குளிர்காலத்தில் கவாத்து செய்வது பழத்தோட்டக்காரர் வழக்கம். பிளம் மரத்துக்கு அவ்வழக்கமே பகையாயிற்று.

ஜூலை 15

இங்கிலாந்தில் விக்டோரியா என்னும் பிளம் வகை மிகுந்த செல்வாக்குப் பெற்றது. நிறைந்த காய்ப்பும் நல்ல சுவையும் உடையது. காய்ப்பு மிகுதியால் கிளை முறிவதும் அதற்கு இயல்பு. இந்நோய்க்கு எளிதில் இரையாவதும் அதுவே. சந்தையில் விலைபோகும் வகையையே யாவரும் நடுவர் அன்றோ? பக்கத்துக்குப் பக்கம் அதே மரம் நின்ற தோட்டங்களில் நோய் வேரூன்றியது.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. கவனமுள்ள விவசாயி தன் தோட்டத்தில் பட்ட கிளை ஒன்றையும் விடாமல் வெட்டி எரிக்கிறார். வேலிக்கு அப்பால் இருப்பவர் எதையும் செய்வதில்லை. அவருக்கு ஆள் கிடைக்காதிருக்கலாம். பழத்துக்கு விலையில்லாத ஆண்டாக இருக்கலாம். தோட்டத்துக்காரர் வெளியூரில் இருக்கலாம். அவருடைய பட்ட மரத்தில் ஊதாப் படலம் விரிகிறது. காற்று எல்லைக்கல்லைப் பார்த்து வீசுவதில்லை. முயற்சி செய்தவரே நட்டமடைகிறார். இழப்பை உண்டாக்கியவருக்கோ தாம் உண்டாக்கினோம் என்பதே தெரியாது.

தனி மனிதர் முயற்சியால் தீராத இதனைச் சட்டத்தினால் தீர்க்க முற்பட்டனர். 1919-ஆம் ஆண்டில் வெள்ளி இலை நோய் உத்தரவு பிறந்தது. 1923-இல் புதிய உத்தரவு வந்தது. அதன் சாரம் எளியது. பிளம் மரம் வைத்திருப்போர் ஆண்டுதோறும் ஜூலை 15-ஆம் தேதிக்குள் மரத்திலுள்ள பட்ட கட்டை அனைத்தையும் வெட்டி எரித்துவிட வேண்டும். அடிமரம் வரை பட்டிருந்தால் மரத்தை வேரோடு அகற்றி எரிக்க வேண்டும்.

ஜூலை 15 என்ற நாள் நன்கு ஆராய்ந்து வைக்கப்பட்டது. ஊதாப் படலம் வெளிவந்து துகள் வீசும் காலம் அதற்குப் பின்னரே வருகிறது. ஆகவே வித்து உண்டாகுமுன் கட்டை தீக்கிரையாகிவிடும். கோடையின் நடுவில் வெட்டுவதால் மரத்தின் காயமும் விரைவில் ஆறும். மருந்து வாங்கப் பணம் வேண்டாம். ரம்பமும் தீக்குச்சியும் போதும். ஆனால் எல்லோரும் அந்நாளுக்குள் செய்தாக வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி.

அவ்வுத்தரவு இன்று நடைமுறையில் இல்லை. எனினும் அதன் அறிவுரை மறையவில்லை. பிளம், செர்ரி முதலிய மரங்களை ஜூன் முதல் ஆகஸ்டு வரையான கோடை மாதங்களிலேயே கவாத்து செய்யுமாறு இன்றும் அந்நாட்டில் கற்பிக்கிறார்கள்.

நோயை அறிந்து நீக்கும் முறை

எல்லா வெள்ளி நிறமும் இந்நோய் ஆகாது. வறட்சியாலும் குளிராலும் சத்துக் குறைவாலும் மரம் முழுதும் ஒரே சமயத்தில் சற்று வெளுப்பதுண்டு. உண்மை நோய் பெரும்பாலும் ஒரு கிளையில் தொடங்கும். ஐயம் தீர, அக்கிளையில் ஓர் அங்குலத்துக்குக் குறையாத பருமனுள்ள இடத்தைக் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். வெட்டுமுகத்தில் பழுப்பு நிறக் கறை காணப்பட்டால் அது இந்நோய். கறை இல்லையேல் மரத்துக்கு நீரும் எருவும் கொடுத்தாலே தேறிவிடும். இதனை அறியாமல் நல்ல மரத்தை வீழ்த்துவாரும் உளர்.

கறை இருந்தால், அது முடியும் இடத்துக்குக் கீழே மேலும் 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை நல்ல கட்டை தெரியும்படி வெட்டி, வெட்டியதை அன்றே எரித்தல் வேண்டும். மரத்துக்கு மரம் ரம்பத்தைச் சுத்தம் செய்தல் நலம். சில மரங்கள் தாமாகவே நோயிலிருந்து மீள்வதும் உண்டாதலால், வெள்ளி கண்டவுடன் மரத்தையே வெட்டிவிட வேண்டியதில்லை. கட்டைக்குள் முற்றிய நோயைத் தீர்க்கும் மருந்து இன்றளவும் கிடையாது. நம் விவசாயிகள் வேரழுகலைத் தடுக்கப் பயன்படுத்தும் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூசணத்தை வெட்டுவாயிலும் மரத்துளையிலும் இட்டு, இக்காளானை எதிர்க்கச் செய்யும் முறையும் கையாளப்பட்டிருக்கிறது.

பழத்தோட்டத்தில் மட்டும் பார்த்தால் போதாது. நியூஜிலாந்தில் காற்றைத் தடுக்கத் தோட்டத்தைச் சுற்றி வளர்க்கும் வில்லோ, பாப்ளார் மரங்களின் வெட்டிய கட்டைகளே நோய்க்கு ஊற்றாகிவிடுவதுண்டு. வரப்பில் அடுக்கிய விறகும் அவ்வாறே.

பகையே ஏவலாளாக

இக்காளானை வேலைக்கு அமர்த்தியோரும் உண்டு. வட அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஒருவகைக் காட்டுச் செர்ரி மரம், நெதர்லாந்து நாட்டுக் காடுகளில் களையாகப் பெருகிவிட்டது. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் மீண்டும் தழைக்கும். 1980-களில் அந்நாட்டார், வெட்டிய அடிக்கட்டைமேல் இவ்வூதாக் காளானின் இழைகளைப் பூசிப் பார்த்தனர். கட்டை தழையாமல் மக்கியது. கனடாவிலும் மின்கம்பிகளின் கீழே தழைக்கும் மரங்களை ஒடுக்க இதனைப் பசையாகப் பூசும் முறை பின்னர் வழக்கத்துக்கு வந்தது.

நெதர்லாந்து அறிஞர்கள் இதில் ஒரு முன்யோசனையைக் கைக்கொண்டது குறிப்பிடத்தக்கது. காட்டில் பூசிய காளான் படலம் விரித்துத் துகள் வீசினால், அருகிலுள்ள பழத்தோட்டக்காரர் கதி என்னாகும் என்பதை முதலிலேயே கணக்கிட்டனர். காற்றில் துகள் எவ்வளவு தூரம் செல்லும், இயல்பாகவே காற்றில் உள்ளதைவிட எவ்வளவு கூடும் என்று ஆராய்ந்து, 1990-இல் முடிவுகளை வெளியிட்டனர். தம் காரியம் அண்டையாரைப் பாதிக்குமா என்று கேட்டபின் செய்வதே பொறுப்புள்ள செயல்.

நம் பக்கத்து உறவினன்

இந்நோய் நமக்குத் தொலைவிலுள்ளது என்று தள்ளிவிட வேண்டாம். படலமாகப் படரும் இவ்வகைக் காளான்களில் ஒன்று, கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களுக்கு நன்கு அறிமுகமானது. இலங்கையிலிருந்து கிடைத்ததைக் கொண்டு 1873-இல் பெர்க்கிலி, புரூம் என்ற இரு ஆங்கிலேயர் முதலில் விவரித்த இப்பூசணம், இளஞ்சிவப்பு நோயை உண்டாக்குகிறது. இது பட்ட கட்டைக்குக் காத்திராமல் உயிர்க்கிளையின் பட்டையையே தாக்கும். மழை மாதங்களில் இளமரத்தின் கவட்டில் சிலந்திவலை போன்ற வெண்ணிழைகள் முதலில் தோன்றும், பட்டையிலிருந்து பால் வடியும், பிறகு இளஞ்சிவப்புப் படலம் மூடும், பட்டை வெடிக்கும், மேற்பகுதி இலைகள் வாடிக் காயும், கீழிருந்து புதுத் தளிர் கிளம்பும். மிகுதியாகப் பயிராகும் ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 என்னும் ரகம் இதற்கு எளிதில் ஆளாகும். விக்டோரியாவின் கதையே இங்கும்.

இதற்குத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பாகவே கவட்டில் 10 சதவீதப் போர்டோப் பசை பூசுகிறார்கள். மயில்துத்தம் 1 கிலோவும் சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவும் 10 லிட்டர் நீருக்குக் கணக்கு. இரண்டையும் தனித்தனியே மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்துச் சேர்க்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. பால் வெட்டும் மரங்களில் துத்தம் பாலில் கலவாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். பட்ட கிளையை வெட்டி எரிப்பது இதிலும் உண்டு.

சங்கம் செய்யத்தக்கது

ஊர் ஊராகச் சென்று சங்கங்களைப் பார்வையிடும் நமக்கு இந்த வரலாறு புதிதாகத் தோன்றவில்லை. சிலர் தவணை தவறினால் சங்கத்தின் நாணயம் குறைந்து, ஒழுங்காகக் கட்டியவருக்கும் மறுகடன் தாமதமாவதைக் கணக்குப் புத்தகங்களில் காண்கிறோம். அங்கே நிலுவைத் தொகை என்று எழுதப்படுவது, தோட்டத்தில் பட்ட கிளையாக நிற்கிறது.

இங்கிலாந்தில் உத்தரவு கொண்டு செய்ததை நம் சங்கங்கள் தீர்மானம் கொண்டு செய்யலாம். பருவமழைக்கு முன் ஒரு நாளைக் குறித்து, அதற்குள் ஒவ்வோர் அங்கத்தினரும் தம் தோட்டத்துப் பட்ட கட்டையை நீக்கிவிடுவதென்று பொதுக்குழுவில் முடிவு செய்யலாம். நல்ல ரம்பங்கள் இரண்டைச் சங்கச் செலவில் வாங்கி முறைவைத்துக் கொடுக்கலாம். துத்தத்தை மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். ஆள்வசதி இல்லாத முதியோர், விதவையர், வெளியூரில் இருப்போர் ஆகியோரின் தோட்டங்களைக் கூட்டாகச் சென்று துப்புரவு செய்து, கூலியை அவர்கள் கணக்கில் பற்றெழுதிக் கொள்ளலாம். இதனை அவர்களுக்குச் செய்யும் தருமம் என்று எண்ண வேண்டாம். அது நம் மரத்துக்கு நாம் செய்துகொள்ளும் காப்பு.

அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இப்பொருளையும் சேர்க்குமாறு செயலாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நாள் குறிப்பதற்கு முன், ஒவ்வொருவரும் தம் வேலி ஓரத்து விறகடுக்கை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நன்று.